டிக்கெட் வாங்கிக் கேட்ட குறட்டை

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் ‘கேஸ்’. எந்த வீட்டு ஏசியைப் பார்க்கப் போனாலும் ஏணியை விரிப்பதற்கு முன்பே, “கேஸ் இறங்கிடுச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிளக் செருகாமல் கிடந்த ஏசிக்கும் ஒருமுறை அதையே சொல்லி மாட்டிக்கொண்டார். மற்றபடி கைவேலை சுத்தம். ஓடுகிற மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்.

வயது நாற்பத்தேழு. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் இறங்கி உட்கார்ந்திருக்கும். அந்தத் தொண்டையிலிருந்து வருகிற குறட்டையைத் தாங்கமுடியாமல் மனைவி முதலில் காதில் பஞ்சடைத்துப் பார்த்தார். கல்யாணமான மூன்றாம் வருடம் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். பிறகு பிறந்த மகளும் விவரம் தெரிந்ததும் அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டாள். நடுக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் இரண்டு பேரும் படுப்பார்கள்.

மனைவிக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. “என் மெஷின்கூட பேப்பர் சிக்கினா நின்னுடும். இந்த மனுஷன் நிக்கவே மாட்டார்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த ஓவியர் வந்து சேர்ந்தார். குட்டையாக முடி வெட்டிய, பேசும்போது கைகளால் காற்றைப் பிசைகிற பெண். பழைய துணிக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்குள் ஒரு வானம் செய்துகொண்டிருந்தார்.

“மேல முழுக்க நீலத் துணி. அது மூச்சு விடற மாதிரி ஏறி இறங்கணும். ஜனங்க கீழ மெத்தையில படுத்துப் பாப்பாங்க. எல்லாரோட மூச்சும் அங்க ஒண்ணாக் கலக்குது இல்லையா? ஆள் கூடக் கூட வானம் சாம்பல் நிறமாயிடும். கதவைத் திறந்து வெளிக்காத்து வந்தா திரும்ப நீலமாகும்.”

கேஸ் தலையைச் சொறிந்தார். “அதாவது மேடம், சன்னல் இல்லாத ரூம்ல கூட்டத்தை அடைச்சா புழுங்கும். அதைக் காட்றீங்க.”

ஓவியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கிட்டத்தட்ட அதேதான்” என்றார்.

“வெளிய சும்மா கிடைக்கிற காத்துக்கு உள்ள டிக்கெட்டா?”

“நீங்க ப்ளோயரைப் பாருங்க.”

பார்த்தார். தியேட்டருக்குப் போடுகிற அளவில் காற்றை ஊதித் தள்ளும் ஒரு ப்ளோயர், நான்கு குழாய்கள், காற்றைத் திறந்து மூடும் தட்டுகள். ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் ஏறும்போது துணி மேலே போக வேண்டும், இறங்கும்போது கீழே வர வேண்டும். மூன்று வாரத்தில் வானம் சொன்னபடி கேட்டது. சிக்கல் மூச்சில்தான். யோகா சொல்லித்தருபவர் ஒருவரை வைத்துப் பதிவு செய்தார்கள். பரீட்சைக்கு மூச்சு விடுவது போல இருந்தது. ஒரு நாடக நடிகர் விட்ட மூச்சில் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓவியர் தன் மூச்சையே பதிவு செய்து கேட்டுவிட்டு, மைக்கை மூலையில் போட்டார்.

அந்த நாட்களில் கேஸ் மதியச் சாப்பாடு முடிந்ததும் துணிக்குப் பின்னால், இரண்டு குழாய்களுக்கு நடுவே, அட்டைப் பெட்டியை விரித்துக் கட்டையைச் சாய்ப்பார். ஒரு மதியம் ஓவியர் சத்தம் வந்த வழியே போய்ப் பார்த்தார். அப்புறம் பூனை மாதிரி நடந்துபோய் மைக்கை எடுத்து வந்தார்.

கண்காட்சி திறந்தது. டிக்கெட்டுக்கு வரிசை தெருமுனை வரைக்கும் போனது. ‘இது மனித மூச்சா, பூமி புரண்டு படுக்கும் ஒலியா? நடுவே அது நின்றுபோகும் அந்த நீண்ட மௌனத்தில் நாமும் மூச்சற்றுப் போகிறோம்’ என்று பத்திரிகையில் ஒருவர் உருகியிருந்தார். வேலைக்காரர்களுக்குக் கொடுத்த இலவச அனுமதியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேஸ் மனைவியோடு போனார். தன் ப்ளோயரைக் காட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

மெத்தைகளில் நாற்பது பேர் படுத்திருந்தார்கள். விளக்கு மங்கியது. வானம் மெல்ல மேலே எழும்பியது. கூடவே, சுவரெல்லாம் அதிர, அந்தச் சத்தம்.

மனைவிக்கு என்ன ஏது என்று யோசிக்க நேரமில்லை. பழைய பழக்கம் முழங்கையில் இருந்தது. இடப்பக்கம் படுத்திருந்த ஆளின் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்து, “திரும்பிப் படுங்க!” என்றார்.

“அம்மா!” என்று ஒரு பெண்குரல் அலறியது. கணவர் வலப்பக்கம் கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தார்.

மனைவி எழுந்து உட்கார்ந்தார். “என்னங்க, இது நீங்கதானே?”

“சேச்சே, இது பூமி புரண்டு படுக்குது. பேப்பர்ல போட்டிருந்தான்.”

“இருபது வருஷம் கேட்டவ நான். எனக்கா தெரியாது?”

நாற்பது பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கைப் போட்டு ஓவியர் ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கேஸுக்குக் காது சிவந்தது. வேலை நேரத்தில் தூங்கியது ஊர் முழுக்கப் பரவுமே என்ற கவலை ஒரு பக்கம், தன்னை இப்படி மேடையேற்றி விட்டார்களே என்ற கோபம் ஒரு பக்கம்.

“உங்ககிட்ட கேட்டிருக்கணும், தப்புதான்” என்றார் ஓவியர்.

“கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேனே, மேடம்!”

யாரோ சிரித்தார்கள். விலாவைத் தடவியபடி அந்த இடிபட்ட பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. “நான் காது மூக்கு தொண்டை டாக்டர். மூணாவது தடவை வர்றேன். இந்த மூச்சு யாரோடதுன்னு கேட்கத்தான் வந்தேன்” என்றார். “நடுவுல நிக்குது பாருங்க, அது மௌனம் இல்ல. தொண்டை அடைச்சுக்குது. இருபத்திரண்டு வினாடி எண்ணினேன். அவ்வளவு நேரமும் இவருக்குள்ள காத்தே போகல.”

“சும்மா பயமுறுத்தாதீங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் கேஸ் இறங்கல.”

“பகல்ல கண்டபடி தூக்கம் வருதா? வண்டி ஓட்டறப்போ?”

கேஸ் கையிலிருந்த அனுமதிச் சீட்டை மடித்தார். போன மாதம் சிக்னலில் தூங்கிப்போய், பின்னால் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து எழுப்பியதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

மனைவிக்கு வீட்டு நடுக்கதவு ஞாபகம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் நிற்கும்போதெல்லாம், அப்பாடா, ஒருக்களித்துப் படுத்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டு அவர் தூங்கிப்போயிருந்தார். எத்தனை ராத்திரி. அவர் ஓவியரிடம் திரும்பினார்.

“அந்த இடத்தை வெட்டி எடுத்துடுங்க.”

“அக்கா, அதுதான் இதோட உயிர். அங்கதான் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு…”

“உங்களுக்கு உயிர். எனக்கு என் புருஷன் மூச்சு நிக்கிற சத்தம். மிச்சக் குறட்டையை நீங்களே வச்சுக்குங்க, கோயில் கட்டிக் கும்பிட்டாலும் சரி. அது மட்டும் வேணாம்.”

ஓவியருக்கு வாதாடத் தெரியும். அன்றைக்கு வாதாடவில்லை. அடுத்த வாரம் வந்தவர்கள் இடைவெளி இல்லாத குறட்டையைத்தான் கேட்டார்கள். படைப்பு ஆழத்தை இழந்துவிட்டது என்று அதே பத்திரிகைக்காரர் வருத்தப்பட்டு எழுதினார். யாரும் அவருக்குக் காரணம் சொல்லப் போகவில்லை.

டாக்டர் ஒருநாள் ராத்திரி முழுக்கக் கேஸை வயர்களைச் சுற்றிப் படுக்கவைத்து, மணிக்கு முப்பத்தெட்டு முறை மூச்சு நிற்கிறது என்று கணக்குச் சொன்னார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு மெஷின் கொடுத்தார். கேஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகத் திருப்புளியை எடுத்துக் கழற்றிவிட்டார்.

“கண்ணு, பாத்தியா?” என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். “குட்டி ப்ளோயர். நான் அந்த வானத்துக்குப் போட்டேனே, அதேதான். தொண்டையை மூட விடாம காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும். இதுக்குப் போய் ஆஸ்பத்திரியில வித்தை காட்றானுங்க.”

“அப்பா, முதல்ல அதைத் திரும்ப மாட்டுங்க” என்றாள் மகள்.

இரண்டு வாரத்தில் மனைவி தலையணையோடு அறைக்குத் திரும்பினார். கூடம் முழுக்கத் தனக்கே கிடைத்ததில் மகளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். கேஸுக்குப் பகல் தூக்கம் விட்டுப்போனது. சாப்பிட்டதும் கண்ணைக் கட்டுகிற அந்தச் சுகம் இல்லையே என்று நாலைந்து நாள் சலித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் ஓவியர் அந்த வானத்தை மடித்து வேறொரு நகரத்துக்குக் கொண்டுபோனார். ப்ளோயரைப் பொருத்த கேஸும் கூடப் போனார். அங்கே கூடம் இரண்டு மடங்கு பெரியது. நீளமான மூச்சு வேண்டும், மறுபடி பதிவு செய்யலாமா என்று இந்த முறை ஓவியர் முறையாகக் கேட்டார், எழுத்திலும் கொடுத்தார். கேஸ் குளித்து, சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, மெஷினை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் படுத்தார். மூன்று மணி நேரம் ஆனந்தமாகத் தூங்கினார். எழுந்து பார்த்தால் ஓவியர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்படி மேடம் வந்திருக்கு?”

“ஒண்ணுமே வரல. ஃபேன் சத்தம் மாதிரி உஸ்ஸுன்னு இருக்கு.”

கேஸ் ரொம்ப நேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மனைவிக்குப் போன் போட்டு, “தூங்கற வேலைக்குக்கூட லாயக்கில்லைன்னு தள்ளிட்டாங்க” என்று சொன்னார். அந்தப் பக்கம் மனைவி சிரித்த சிரிப்பில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.