அத்தை இடித்த மீட்டர் பெட்டி

அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற ஊரில் எங்கள் வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டியை, அது உடையும்வரை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சாம்பல் பூசிய தகரப் பெட்டி. நடுவில் கண்ணாடி மூடிக்குள் சில எண்கள். அவ்வளவுதான். அது சுவரிலிருந்து பாதி பிய்ந்து, கண்ணாடி நொறுங்கி, எங்கள் மினிவேனின் பின்கதவின்மேல் சாய்ந்து கிடந்த அக்டோபர் மாதச் சனிக்கிழமைதான், என் மாமியாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வண்டியை ஓட்டியவர் அவர். பக்கத்து இருக்கையில் இருந்தவள் நான்.

அத்தை ஈரோட்டுக்காரர். மின்வாரிய அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். என் கணவர் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மாமாவை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு அம்மாவும் பிள்ளையுமாக இருந்த வீடு அது. ஓய்வு பெற்றபின் கிரீன் கார்டு கிடைத்து அத்தை எங்களோடு தங்க வந்தார். ஈரோட்டில் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், வழியில் காய்கறி வாங்கி, ரேஷன் கடைக்காரனோடு சண்டை போட்டு, சாயங்காலம் கோவிலுக்கும் போய்விட்டு வீடு திரும்பியவருக்கு, இங்கே காலையில் நாங்கள் இருவரும் கிளம்பிப் போனால் பேச ஆளில்லை. பக்கத்துக் கடைக்குப் போக வேண்டுமென்றாலும் நடைபாதையே இல்லாத பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். “கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்குது கண்ணு, நடக்கத்தான் எடமில்ல” என்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவ்வப்போது, “ஆன்ட்டி, டெம்பிளுக்குப் போறோம், வர்றீங்களா? நாங்க பிக்கப் பண்ணிக்கறோம்” என்று அழைப்பார்கள். அவர்கள் வருவதற்கு வெகு முன்பே அத்தை புடவை கட்டி, ஸ்வெட்டர் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிடுவார். ஊரில் ஒரு அலுவலகத்தையே நடத்தியவர் அப்படி யாருக்காகவோ காத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே, “எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடு” என்றார்.

என் கணவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. “எதுக்குங்கம்மா? எங்க போகணும்னு சொல்லுங்க, நான் டிராப் பண்றேன்” என்பதையே விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். அத்தை சாலை விதிமுறைப் புத்தகத்தை வாங்கிவைத்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தார். எழுத்துத் தேர்வில் தேறி, பழகுநர் உரிமமும் வாங்கிவிட்டார். சனிக்கிழமைகளில் நான் பக்கத்தில் உட்காருவேன். புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகி, வெள்ளை ஸ்னீக்கர்ஸ் அணிந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தாற்போல் உட்காருவார். சாவியைத் திருப்புமுன் வண்டியிடம் “செரி, போலாமா?” என்று கேட்டுக்கொள்வார். முன்னால் போவது சீக்கிரமே கைவந்துவிட்டது. பின்னால் எடுப்பதுதான் தகராறு.

அன்றைக்கும் பின்னால்தான் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டிய பாதையில் வண்டி மெல்லத் திரும்பியது. சுவர் கிட்டே வந்ததும், “பிரேக் அத்தை, பிரேக்” என்றேன். கால் பிரேக்குக்குப் பதில் பக்கத்தில் இருந்ததை அழுத்திவிட்டது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளிச் சுவரில் மோதியது. தகரம் கிழியும் சத்தம், கண்ணாடி உதிரும் சத்தம், பிறகு சட்சட்டென்று எதுவோ பொரிவதுபோல ஒரு சத்தம். வீட்டு ஜன்னலில் தெரிந்த விளக்கு அணைந்தது. நான் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன்.

“தொடாதே!” அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. “கதவத் தொடாதே. எறங்காதே. கைய எடுத்து மடியில வெச்சுக்க கண்ணு.” எஞ்சினை அணைத்துவிட்டுத் தன் கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். உடைந்த பெட்டியிலிருந்து வண்டிக்குள் மின்சாரம் இறங்கியிருக்கலாம், உள்ளே இருக்கிறவரை ஒன்றுமில்லை, ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக இறங்கினால்தான் ஆபத்து என்று அடிக்குரலில் சொன்னார். லைன்மேன்களின் விபத்துக் கோப்புகளெல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகுமாம். நான் அவசர உதவிக்குப் போன் செய்தேன்.

அதற்குள் என் கணவர் செருப்புகூட இல்லாமல் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். என் பக்கத்து ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. அத்தை அதன் வழியாக, “அங்கயே நில்லு! கிட்ட வராதே! கரண்ட்டு இருக்குது!” என்று கத்தினார். அவர் புல்தரையில் அப்படியே நின்றுவிட்டார். ஓர் அடி எடுத்துவைத்தார், “நில்லுன்னு சொல்றனல்ல!” என்று மறுபடி அதட்டல் வந்தது. தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை நாங்கள் உள்ளேயும் அவர் வெளியேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். நாலெட்டு வைத்தால் தொட்டுவிடுகிற தூரம்தான். அத்தை திரும்பாமலே என்னிடம், “அவன் மூஞ்சியப் பாரு கண்ணு. அவங்கய்யன் போன அன்னைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல இப்படித்தான் நின்னான்” என்றார். ஊரில் அப்பாவை அய்யன் என்பார்கள். அதுவரை பயத்தில் இருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அத்தை அழவில்லை.

மின்சாரக் கம்பெனியின் ஆட்கள் வந்து கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எங்களை இறங்கச் சொன்னார்கள். என் கணவர் ஓடிவந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முதலில் வந்த வார்த்தை, “இனிமே சாவியத் தொடக்கூடாதுங்கம்மா.” அத்தை கைகளை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பெட்டியை மாற்றுவது நாங்கள் நினைத்ததுபோல் ஒரு மணி நேர வேலையாக இல்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் புதுப் பெட்டி வைக்க வேண்டும். அதை டவுன்ஷிப் எனப்படும் உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சரியென்று சீட்டு ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் புது மீட்டரைப் பொருத்தி மின்சாரம் கொடுப்பார்கள். அதுவரை விளக்கு இல்லை, ஹீட்டர் இல்லை. மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் நல்ல உயரம். நசுங்கிய பெட்டியைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, சுவரில் அது இருந்த இடத்து வெளிறிய சதுரத்தைத் தடவிப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். என் கணவர் உடனே, “நான்தான்” என்றார். அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் டீ தம்ளரோடு பின்னால் நின்ற அத்தையின் முகம் சுண்டிப்போனது. “நோ, நோ. மீ. ஐ வாஸ் டிரைவிங்” என்றார் தெளிவாக. அந்த மனிதர் சிரித்து, டீயை வாங்கிக்கொண்டு, இன்னும் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். அத்தை மகனைப் பார்த்தார். மகன் புல்லில் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே அத்தை கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து ரவை உப்புமா கிளறினார். புடவைமேல் மகனுடைய பழைய குளிர்கோட்டு. என் கணவர் அடுப்பங்கரையில் வந்து நின்றார்.

“உங்கய்யன் போயி ஒரு வருசங்கூட ஆகல. காலேஜுக்குப் போக பைக் வேணும்னு கேட்ட. வாங்கிக் குடுத்தேன். ஞாபகம் இருக்குதா?” என்றார் அத்தை, கரண்டியை நிறுத்தாமல்.

“இருக்குதுங்கம்மா.”

“வேண்டாம்னு சொன்னனா?”

“இல்ல.”

“நீ ஊடு வந்து சேர்ற வரைக்கும், ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா எனக்குப் பேனா நின்னு போகும். எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சுப்போட்டு வந்து, மறுபடி எழுதுவேன். ஒருநா உன்றகிட்டச் சொல்லியிருப்பனா? என்ற பயத்த உன்ற தலைல எறக்கி வெக்கல சாமி. நீ எதுக்கு உன்றத என்ற தலைல வெக்கற?”

“நேத்து உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“ஆகல. உன்ற பொண்டாட்டியையும் எறங்காம உக்கார வெச்சேன். ஓட்டத் தெரியாமத்தான் இடிச்சுப்போட்டேன். தெரியற வரைக்கும் கத்துக்கறேன்.”

என் கணவர் உப்புமாவைத் தட்டில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். அது அவருக்குப் பிடித்தமான உணவு இல்லை. இருந்தும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மின்சாரம் வந்த அந்த வாரக் கடைசியில், நான் வழக்கம்போல ஸ்னீக்கர்ஸை எடுத்துவைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சாவியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்து, “வாங்க, இன்னைக்கு நான் உக்கார்றேன். ரிவர்ஸ் மட்டும் பிராக்டிஸ் பண்ணலாம்” என்றார். அதன் பிறகு குளிர்காலம் முழுக்க அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். போகும்போது இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருப்பார் என்று அத்தை என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அவன் பயத்தை அவனே வைத்துக்கொள்ளப் பழகுகிறான் என்பார். முதல் ஓட்டுநர் தேர்வில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தும் பேரலல் பார்க்கிங்கில் அத்தை கோட்டைவிட்டார். இரண்டாம் முறை தேறினார்.

பல வருடங்கள் ஓட்டினார். பிற்பாடு இங்கே வந்து சேர்ந்த ஊர்ப் பெண்களின் அம்மாக்களையும் மாமியார்களையும் கோவிலுக்கும் நூலகத்துக்கும் அவர்தான் கூட்டிப் போனார். அவர்கள் வீட்டு வாசலுக்கு எப்போதும் நேரத்துக்குப் போய்விடுவார். யாரையும் காக்கவைக்க மாட்டார். பார்வை மங்கத் தொடங்கியபோது, நாங்கள் யாரும் சொல்வதற்கு முன்னால் தானே, “போதும்” என்று நிறுத்திக்கொண்டு, ஈரோட்டுக்குத் திரும்பிப் போனார். சென்ற வருடம் அங்கேயே காலமானார். துக்கத்துக்கு வந்தவர்கள் அவருடைய அலுவலகக் கண்டிப்பைப் பற்றியும் அவர் வைக்கும் அரிசிம்பருப்பு சோற்றைப் பற்றியும் பேசினார்கள். அவர் அமெரிக்காவில் வண்டி ஓட்டினார் என்று நான் சொன்னபோது, மரியாதைக்குத் தலையாட்டினார்கள். இப்போது இந்த வீட்டில் பகலெல்லாம் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வெளியே வண்டி நிற்கிறது. நினைத்தால் எங்கும் போகலாம். பல நாள் எங்கும் போவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில், அத்தை முதன்முதலாகத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வேன்.

கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தியக் கடை ரொம்பப் பக்கம். போய் வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணோம். என் கணவர் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். போனைக் கையில் எடுப்பார். ஓட்டும்போது மணியடித்தால் பதறிவிடுவாரோ என்று கீழே வைப்பார். மறுபடி எடுப்பார். அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கடைசியில் வண்டி தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அத்தை நிதானமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, புடவையை உதறிவிட்டு இறங்கினார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது, ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டியிருக்க வேண்டும், நரைமுடி காற்றில் கலைந்து கிடந்தது. கையில் ஒன்றுமில்லை.

“கடை மூடியிருந்துச்சா அத்தை?” என்று கேட்டேன்.

“தெறந்துதான் இருந்துச்சு கண்ணு. வாசல் வரைக்கும் போனேன்” என்றார். “நிறுத்த மனசு வரல.”