பரவாயில்லைக்கு ரெண்டு

அந்த நர்ஸுக்கு வீட்டில் வைத்த பேர் மூணாம் அத்தியாயம். வைத்தவர் கணவர். முனைவர் பட்ட ஆய்வேட்டில் மற்றதெல்லாம் முடிந்து, மூணாவது மட்டும் போவதும் திரும்பி வருவதுமாக இருந்ததால், "என்ன மூணாம் அத்தியாயம், சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். முதலில் சிரித்தாள். அப்புறம் முறைத்தாள். இப்போது முறைக்கவும் தெம்பில்லை.

மூணாம் அத்தியாயம் என்பது அறிவியல் தத்துவம். முட்டி அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு வலி மருந்தை நேரம் வைத்துக் கொடுப்பதா, கேட்டால் கொடுப்பதா என்பதுதான் அவள் ஆய்வு. இதில் தத்துவம் எங்கே வந்து குந்திக்கொண்டது என்று அவளுக்குப் புரியவே இல்லை. குழந்தைகள் வார்டில் நாள் முழுக்க நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படி வேலையை முடித்து, தடித் தடிப் புத்தகங்களோடு மல்லுக்கட்டி எழுதிக்கொண்டு போனால், வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பித் தருவார்: உங்கள் நிலைப்பாடு என்ன?

"வலின்னு ஒண்ணு நாம அளந்தாலும் அளக்காட்டியும் தனியா இருக்கா? இல்ல, நோயாளி சொல்ற சொல்லுலதான் இருக்கா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கம்மா."

"முட்டியில இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்து யாரும் பார்த்ததும் இல்லை.

தத்துவம்தான் இழுத்தடித்ததே தவிர, முடிவு லட்டு மாதிரி வந்திருந்தது. மருந்தைக் கேட்டு வாங்கியவர்கள் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொன்ன வலி எண் குறைவு. மருந்துச் செலவும் குறைவு. அவளுடைய இடைக்கால அறிக்கையைப் பார்த்த ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ஆய்வு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. எலும்பு வார்டில் இனி கேட்டால்தான் வலி மருந்து என்று உத்தரவே போட்டுவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்த வார்டில்தான் அவள் அக்காவுக்கு முட்டி மாற்றினார்கள்.

மறுநாள் அவள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, வார்டு நர்ஸ் அட்டையோடு வந்து வலி எவ்வளவு என்று கேட்டாள். "பரவாயில்லம்மா" என்றாள் அக்கா. வார்டு நர்ஸ் அட்டையில் ரெண்டு என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். திரை விலகி மூடியதுதான் தாமதம், அக்கா போர்வை நுனியை வாயில் திணித்துக் கடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"ஏன்கா, அவகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"ஒத்தை ஆளா ஓடிட்டிருக்கு, பாவம். பரவாயில்ல, விடு."

இவளே எழுந்து போய்ச் சண்டை போட்டு மருந்து வாங்கி வந்தாள். ஆனால் உறுத்தியது வேறு. ஆய்வுக்காக இந்த வார்டு நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்கள் கேட்டிருந்தார்கள்: "சிஸ்டர், யாருமே நம்பர் சொல்றதில்ல. பரவாயில்லங்கறாங்க. என்ன போடறது?" அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்: "பரவாயில்லன்னா ரெண்டு போடுங்க."

எத்தனை மக்கு வேலை! நேரத்துக்கு மருந்து பெற்றவர்கள், எப்படியும் வரப்போகிறது என்று உள்ள வலியைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டியவர்கள் கூச்சத்தில் பரவாயில்லை என்றிருக்கிறார்கள். அவள் அளந்தது வலியையே அல்ல. அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்கிற மனசை அளந்து, அதற்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள்.

வலி வேறு, அதைச் சொல்கிற சொல் வேறு என்று ராப்பகலாக எழுதி, மூணாம் அத்தியாயத்தைப் பேராசிரியர் முன் வைத்தாள். அவர் படித்தார். முதல்முறையாகச் சிவப்புப் பேனாவை மூடினார்.

"பிரமாதம். இப்பதான் நிலைப்பாடுன்னு ஒண்ணு வந்திருக்கு."

"அப்ப நாலாவதுல இருக்கற முடிவு தப்பு சார். அது நிக்காது."

"அதை ஏன் தொடறீங்க? குறைபாடுகள்னு கடைசியில ஒரு வரி சேர்த்துடுங்க, போதும். தத்துவம் மூணாம் அத்தியாயத்துக்குத்தான். நாலாவதுக்குள்ள கொண்டு வராதீங்க. பட்டம் வேணுமா வேணாமா?"

நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. நிலைப்பாடு, நிலைப்பாடு என்று இத்தனை காலம் உயிரை வாங்கிய மனிதர்!

பட்டம் கிடக்கட்டும், உத்தரவையாவது நிறுத்தலாம் என்று கண்காணிப்பாளரிடம் ஓடினாள். அவர் பொறுமையாகவே கேட்டார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் சிஸ்டர். ஆனா எதை வச்சு நான் மாத்தறது? புதுசா ஆய்வு செஞ்சு, முடிச்சு, கொண்டு வாங்க. ஆதாரம் வேணுமில்லையா?"

உத்தரவைக் கொண்டுவருவதற்குப் பாதி அறிக்கை போதுமாக இருந்தது. எடுப்பதற்கு முழு ஆய்வு வேண்டுமாம். படியிறங்கினாள். புதிதாகச் செய்யத்தான் போகிறாள், வேறு வழியில்லை. ஆனால் அது முடிகிறவரை அந்தக் கட்டில்களில் படுக்கப் போகிறவர்கள்?

எலும்பு வார்டுக்குள் நுழைந்தபோது அக்கா தலையணையில் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் மருந்து கேட்கவில்லை.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? நான் அவ்வளவு சொல்லிட்டுப் போனேன்ல?"

அக்கா அவள் கையைப் பிடித்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாதடி. இந்த ஏற்பாடே உன் ஆராய்ச்சியாலதான் வந்துச்சாமே, அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. நானே கேட்டு வாங்கினா உன் கணக்கு தப்பாயிடாதா? எத்தனை வருஷமாப் படிக்கிற. என்னால கெட்டுப் போக வேணாம்."