வாயில் மீன் இல்லாத ஸ்பைனோசாரஸ்

நகரியில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது, அண்ணனும் நானும் எங்கள் தறிக் கொட்டகையிலேயே ஃபைபர் பொம்மை செய்ய இறங்கினோம். ஓட்டல் வாசலுக்குக் கும்பிடும் பெண், கல்யாண மண்டபத்துக்கு யானை. வருகிற வேலை ஒரு குடும்பத்துக்குக் காணும், இரண்டுக்குக் காணாது. ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் போனேன். வேறென்ன செய்ய?

அண்ணன் நம்பவில்லை. "அங்க மோல்டிங் கத்துக்கினு வந்து எனக்கு எதுர்லயே கட போடுவ. தெரியாதா எனக்கு?" என்றான். அதோடு பேச்சு நின்றது.

நான் கிளம்பும்போது கொட்டகையில் பாதி முடிந்த இரண்டு டைனோசர்கள் இருந்தன. திருப்பதி ரோட்டிலுள்ள ஒரு பூங்காவுக்கு. ஒன்று தரையில் வேட்டையாடும் தடித்த ஊனுண்ணி. மற்றது அதைவிட நீளமான ஸ்பைனோசாரஸ். முதுகில் பெரிய விசிறி, முதலை மூஞ்சி. அதன் தலையை நான்தான் செய்தேன். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்தவை என்று படத்தோடு வந்த குறிப்பில் இருந்தது. அது கரையில் வேட்டையாட, இது தண்ணீரில் இறங்கி ஆளுயர மீனைக் கவ்வுமாம். படத்திலும் அதன் வாயில் ஒரு மீன் இருந்தது. வழுக்கும் மீனை விடாமல் பிடிக்கத்தான் அந்தக் கூம்புப் பற்கள். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல் ஆற்றுக்குப் போயிருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

புரட்டாசிச் சனிக்கிழமை திருமலைக்குப் போய்த் திரும்பும்போது, பூங்கா வாசலில் இரண்டையும் பார்த்தேன். ஸ்பைனோசாரஸ் வாயில் மீன் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. ஃபைபர் மீனானாலும் நாமம் போட்ட நெற்றியோடு அண்ணன் தொடுவானா? கண் வரைந்து, பூசணிக்காய் உடைத்து, வெறும் வாயோடு அனுப்பிவிட்டான்.

அந்த வாய் பக்கத்தில் நின்ற ஊனுண்ணியின் கழுத்துக்கு நேராக இருந்தது. மொட்டை போட்ட ஒருவர் தன் மகளிடம், "தோ பாரு, அத்த துன்றதுக்குப் போவுது!" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அது மீன் துன்றதுங்க," என்றேன்.

"மீன் எங்க?" என்றார்.

அண்ணனும் என்னை இப்படித்தானே, கழுத்தைக் கடிக்க வந்தவனாகப் பார்க்கிறான் என்று ஊர் வந்து சேரும்வரை மனசு அடித்துக்கொண்டது.

ஐப்பசி பிறந்ததும், வீட்டிலேயே ஒரு ஃபைபர் மீன் செய்து, துணியில் சுற்றிக் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் நிமிரவில்லை.

"இன்னாடா, கட போட எடம் பாக்க வந்தியா?"

"மீன் எட்த்தாந்தேண்ணா. வெறும் வாயோட அது சண்டைக்கு நிக்கிற மாரி கீது. அது பாட்டுக்கு ஆத்துல மீன் துன்னுக்கினு இருந்த ஜீவன்."

துணியை அவிழ்த்துப் பார்த்தான். பிறகு மீனின் வாலைத் தடவி, "இங்க சொரசொரன்னு கீது," என்று உப்புத்தாளை என் பக்கம் தள்ளினான்.

நான் உட்கார்ந்து தேய்த்தேன். அவன் எழுந்து போய் வெள்ளிநிறப் பெயின்ட் கலக்க ஆரம்பித்தான்.