விளம்பரப் பலகையில் என் கை

மலையாள நாட்டுத் தலைநகரில், சாலை என்ற கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஏறக்குறைய ஒரு வருடம் என் வலது கை தொங்கியது. முகம் கிடையாது, உடம்பு கிடையாது. முழங்கைவரை ஒரு கை, அதில் ஒரு பேட்டன். அதைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டு ஓடுபவள் என் தோழி. எங்கள் கல்லூரி ரிலே அணியில் கடைசிச் சுற்று அவளுடையது. நான் ஐந்தாமவள், நால்வரில் யாருக்காவது கால் சுளுக்கினால் ஓடுவதற்காக மூன்று வருடம் காத்திருந்தவள். பயிற்சியில் எடுத்த படம் என்பதால் நானும் அதில் அகப்பட்டேன். கடைக்காரர் கையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்.

அவள் ஓடும் வீடியோ ஒன்று எல்லோர் போனிலும் சுற்றியபோது, "நம்ம தமிழ்ப் பிள்ளைல்லா" என்று தேடிவந்து ஒப்பந்தம் போட்டவர் அந்தக் கடைக்காரர், திருநெல்வேலி அண்ணாச்சி. கல்லூரி விளையாட்டில் விளம்பரப் பணம் எங்களுக்குப் புதுசு. அதன்பிறகு மைதானமே மாறிப்போனது. நீளம் தாண்டும் பையன்கள் மணலில் விழுவதற்கு முன்னால் தலை சீவினார்கள். குண்டு எறிபவள்கூடக் கேமரா இருக்கும் பக்கம் பார்த்துத்தான் எறிந்தாள். எனக்குப் பொறாமை இருந்தது. ஊருக்கெல்லாம் அவள் முகம், எனக்கு முழங்கை.

ஆனால் அந்தப் பணம் அவளுக்கு ஆடம்பரம் இல்லை. அவள் பொன்முடி மலையில், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண். விடியற்காலைப் பயிற்சிக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. நகரத்தில் விடுதியில் தங்கினால்தான் ஓட முடியும், விடுதிக்குப் பணம் கடையிலிருந்து வந்தது. அது நின்றால் மலையேற வேண்டியதுதான்.

கடைசி வருடப் போட்டியில் வியாழன் மாலை ரிலே இறுதி. மழை கொட்டியது. வெள்ளி காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். அதே வெள்ளி, அதே பத்து மணிக்கு, அண்ணாச்சி கடையின் புது மாடித் திறப்பு. போர்டில் இருக்கும் பெண் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அவள் போன் செய்து கெஞ்சினாள்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துருமேம்மா. நான் என்னத்தச் செய்ய?" என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ராகு காலம் யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை.

அவள் கடைக்குப் போவது என்று முடிவானது. கோச் என்னைக் கூப்பிட்டு, "மோளே, நாளெ நீ ஓடணம்" என்றார் மலையாளத்தில். அவர் முகத்தில் கவலையே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் பட்டுச்சேலையில் ஸ்டேடியத்துக்கு வந்தாள், தன் ஸ்பைக்ஸை எனக்குத் தருவதற்காக. அழவில்லை. மண்ணெல்லாம் துடைத்து, புது லேஸ் கோத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இடது கால் கொஞ்சம் டைட்டா இருக்கும் கேட்டியா. ரெண்டு தடவ குதிச்சாச் செரியாயிரும்" என்றாள். பிறகு ஈரமான டிராக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"சேலையை அவுருடி" என்றேன்.

"எந்தா?"

"நீ ஓடு. கடைக்கு நான் போறேன். போர்டுல நானும்தானே இருக்கேன்."

உடை மாற்றும் அறையில் ஐந்து நிமிடத்தில் சேலை என் மேல் வந்தது. ஆட்டோ பிடித்துச் சாலைக் கடைத்தெருவில் இறங்கியபோது பத்தாக ஏழு நிமிடம். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். போர்டிலும் தெரிகிற, எண்ணெய் தெறித்த தழும்புள்ள கையை நீட்டினேன்.

"போர்டைப் பாருங்கோ அண்ணாச்சி. அந்தக் கை என்னோடது. விளக்கு ஏத்தறது கையாலதானே?"

அவர் துணியில் நூலைப் பார்ப்பதுபோல என் கையைப் பார்த்தார், போர்டை அண்ணாந்து பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். அவருடைய மனைவிதான் முடித்துவைத்தார்.

"கைதான ஏத்தணும், மூஞ்சியா ஏத்தப்போவுது? நேரமாவுது, விடுங்க."

ஏற்றினேன். ஐந்தாவது திரி எரிந்ததும், விற்பனைப் பெண் ஒருத்தியின் போனில் ரிலேவைப் பார்க்க ஓடினேன். எங்கள் அணி நான்காவது இடத்தில் இருந்தபோது அவள் பேட்டன் வாங்கி, இரண்டாவதாக முடித்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளை நான் பிய்த்தெடுத்துவிட்டேன். அண்ணாச்சி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஒப்பந்தம் தப்பியது, விடுதியும் தப்பியது.

மாலையில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "ஒனக்கு ஓடணும்னு இல்லையாடி?"

"நான் ஓடியிருந்தா கடைசியா வந்திருப்போம். மானம் போயிருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். அதை நம்பினாள், இன்றுவரை நம்புகிறாள்.

அந்த வாரப் பயிற்சியில் இரண்டு முறை நான் அவளைவிட வேகமாக ஓடியிருந்தேன். தனித்தனியாக ஓடவிட்டு நேரம் எடுத்ததால் அவளுக்குத் தெரியாது. கோச்சின் கடிகாரத்துக்குத் தெரியும், அவர் அதை என்னிடம் மட்டும் காட்டினார். ஓடாமல் போனது வலித்தது, இப்போதும் சில நாள் வலிக்கிறது. இதையெல்லாம் பயமில்லாமல் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அவள் படித்தது முழுக்க மலையாளப் பள்ளியில். வாய் நிறையத் தமிழ் பேசுவாள். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது.