தீர்த்தம் தெளித்த இடத்தில் பறந்த புகை

வாரத்தில் ஐந்து நாள் கல்லூரியில் நிலவியல் வாத்தியார்; சனி, ஞாயிறு ஆவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கத்தோலிக்கச் சாமியார். இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். இப்போது அந்தக் கேள்வியே எரிச்சலைக் கிளப்புகிறது.

போன கோடையில் பூசை முடிந்ததும் ஒரு விவசாயி வந்து நின்றார். கிணறு வற்றி, கடலை கருகிப்போயிருந்தது.

"சாமி, போர் போட ஒரு பாயிண்ட் பாத்துக் குடுங்க. இதுலயும் தண்ணி வரலைன்னா குடும்பத்தோட திருப்பூருக்குப் போறதத் தவிர வேற வழியில்ல."

மறுநாளே கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். மண்ணில் கம்பிகளை அடித்து மின்சாரம் பாய்ச்சினால், கீழே பாறை எப்படி இருக்கிறது என்று காட்டும். வேகாத வெயிலில் நிலம் முழுக்க அளந்தேன். எங்கு பார்த்தாலும் வெடிப்பே இல்லாத கெட்டிப் பாறை. "ஐயா, இங்க தண்ணி இல்ல. போர் போடாதீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து மனைவியோடு வந்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் வேலி ஓரத்தில் இடம் குறித்துக் கொடுத்துவிட்டாராம்.

"தேங்கா அப்புடியே எந்திரிச்சு நின்னுச்சு சாமி. நாளைக்குப் போர் வண்டி வருது, நீங்க வந்து மந்திரிச்சு விடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் நாள் பூரா அளந்து சொன்னது?"

"அது மிஷினு சொன்னதுங்க சாமி" என்றார் மனைவி. "நீங்க ஜெபம் பண்ணுனா ஆண்டவரு தர மாட்டாரா?"

மாட்டார் என்று சொல்ல எந்தச் சாமியாருக்கு வாய் வரும்? போனேன். பூசைக்குப் போடும் ஸ்டோல் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தீர்த்தம் தெளித்தேன். இந்த இடத்தில் தண்ணீர் பெருகட்டும் என்று வாய்தான் சொன்னது. மனசு முழுக்கப் பாறை.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர், "சாமி இதுக்குன்னே படிச்சவரு. தண்ணி இல்லாத எடத்துக்கா மந்திரிக்க வருவாரு?" என்றார். விவசாயியின் முகம் மலர்ந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லையே, பாவி!

முதலில் செம்மண் வந்தது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வெள்ளைப் புகைதான். புருவமெல்லாம் கல் தூசியோடு விவசாயி குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர் இஞ்சினை நிறுத்தியபோதும் எழவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு இருவரும் பைகளோடு கோயில் வாசலில் காத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி அவசரப்படுத்தினார். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "அன்னைக்கு நீங்க முழு மனசோடதான ஜெபிச்சீங்க?"

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"ஆமாய்யா" என்றேன்.

"அப்பச் சரிங்க சாமி. ஒங்க மேல கொறை இல்ல. ஆண்டவருக்குத்தான் எங்களப் புடிக்கல."

பைகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கூப்பிட்டு உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. நான் கோயில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.