அண்ணன் போட்ட மொச்சை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி உறவினர் அனைவரும் தவறாக அறிந்திருக்கும் ஒன்றைத் திருத்தவே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த முத்தியால்பேட்டையில். அப்பா மேரியில், அதாவது நகராட்சியில், குமாஸ்தா. தேர்தல் என்றால் அவருக்கு உயிர். பூனை வளர்ப்பதா வேண்டாமா என்பதையும் வீட்டில் ஓட்டுக்கு விடுவார். துளையிட்ட பிஸ்கெட் டின்தான் பெட்டி. சம்மதம் என்றால் மொச்சை, மறுப்பு என்றால் புளியங்கொட்டை. முடிவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி இருபத்தொரு வயது நிறைந்தால்தான் ஓட்டு. அப்பாவும் அம்மாவும் எதிரெதிராகப் போட்டால் அப்பா வென்றதாகக் கணக்கு! 1954இல் ஊரில் கொடி மாறியும் எங்கள் வீட்டுச் சட்டம் மாறவில்லை. தெருவே சிரித்தது.

அண்ணனுக்கு வயது நிறைந்தது 1962இல். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டிய நேரம். குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறப் போவதாக அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அம்மா வர மாட்டேன் என்றார். கெடுவுக்கு முந்தின நாள் டின் கூடத்துக்கு வந்தது. மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கையை மூடியபடி போட்டார்கள். ஓட்டு வயது ஆகாத நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

அப்பா டின்னைக் கவிழ்த்தார். ஒரு மொச்சை, இரண்டு புளியங்கொட்டை.

“பெத்த அப்பனையே கவுத்துட்டியேடா!” என்று கத்தினார்.

அண்ணன் அப்பா முகத்தையே பார்த்தபடி நின்றார்.

“உங்க பொட்டிதான சொல்லுது? புள்ளைய ஏன் ஏசுறீங்க?” என்றார் அம்மா.

அன்றோடு அப்பா அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினார். மகன்தான் கெடுத்தான் என்று சாகும்வரை ஊரெல்லாம் சொன்னார். அண்ணனோ மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, என்னைக் கரையேற்றி, படுத்த படுக்கையான அப்பாவைக் குழந்தைபோலப் பார்த்து, கடைசியில் கொள்ளியும் வைத்தார். “உன்னாலதான் இங்க கெடக்குறோம்” என்று நானும் ஒருமுறை அவரைக் குத்திக்காட்டினேன். அந்தச் சொல்லை இனித் திரும்பப் பெற முடியாது.

கடைசி நாட்களில், மருத்துவமனையில், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் மொச்சைதாம்மா போட்டேன். அங்க போய்ப் படிக்கணும்னு எனக்கு அவ்ளோ ஆசை.”

“அம்மா ஒரு கொட்டை. அப்ப இன்னொண்ணு?”

“அப்பாவுக்குக் கடல் தாண்டிப் போக பயம்மா. ஊரெல்லாம் சொல்லிட்டு எப்படி வாணாம்பாரு? நான் சொல்லியிருந்தா அவரு தெருவுல தலை காட்ட முடியுமா? நீயும் யார்கிட்டயும் சொல்லாத.”

அவர் பேச்சை நான் மீறுவது இதுவே முதல் முறை.

நோயில் அவரைத் தூக்கி உட்காரவைத்த மில் தோழர்களுக்கும், அரியாங்குப்பத்திலிருந்து நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. இன்றைய படையலில் ஒரு பிடி மொச்சை எதற்கு என்று காலையிலிருந்து பலரும் கேட்டீர்கள். அதற்கான பதில் இதுதான்.