பற்றரி போகக்கூடாத பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அதிகம் சத்தம் போடும் வகுப்பு என்னுடையதுதான். காது கேளாத பிள்ளைகளின் வகுப்பு கோயில் மூலஸ்தானம் மாதிரி அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும். கதிரையை இழுத்தால் சத்தம் வரும் என்பது இழுப்பவனுக்குத் தெரியாது. குத்தினால் பலகை அதிரும் என்பதால், ஒருவரையொருவர் கூப்பிடுவதற்கு மேசையில்தான் குத்துவார்கள். பக்கத்து வகுப்பு ரீச்சர் அதிபரிடம் போய் முறையிடுவார். அதிபர் எங்கள் வாசலில் வந்து நின்று, "சத்தம் போடாதேங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பிள்ளைகள் அவரைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார்கள். கிழமைக்கு இரண்டு தரமாவது இது நடக்கும். அந்த மனுசனுக்கு அலுக்கவேயில்லை.

திருகோணமலை நகரத்தில், தொண்ணூறுகளின் நடுவில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் படித்த பாடம் இதுதான்: நம்முடைய நாட்டில் காது எப்படிப் போனது என்பதைவிட, எப்படிப் போனதாகச் சொல்லலாம் என்பதுதான் முக்கியம். புல்மோட்டைப் பையன் ஒருவன், தகப்பன் மீனுக்கு டைனமைற் எறியும்போது வள்ளத்தில் கூட இருந்தவன். திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அக்காவும் தம்பியும் பிறவியிலேயே கேளாதவர்கள். அவர்களுடைய தாயும் தகப்பனும் சொந்த மச்சாள் மச்சான். ஒருத்திக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்து போனபோது காதும் கூடப் போனது. ஒருவனுக்கு வருசக்கணக்காகக் காதில் சீழ் வடிந்தது. சிலருக்கு வீட்டு வளவில் ஷெல் விழுந்தது.

கல்விக் கந்தோர் ஒவ்வொரு வருசமும் காரணம் கேட்கும். ஷெல் என்று எழுதி அனுப்பினால், யாருடைய ஷெல் என்று கேட்டுத் திரும்பி வரும். யாருடையது என்று எழுதுகிற அளவுக்கு எந்தத் தாய்க்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. டைனமைற் என்று எழுதினால் பொலிஸ் வரும். சொந்தத்துக்குள் கலியாணம் என்று எழுதினால் வீட்டிலுள்ள மற்றப் பெட்டைகளுக்குச் சம்பந்தம் வராது. எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "காய்ச்சல் எண்டு போடுங்கோ ரீச்சர்." நானும் போட்டேன். கடைசியில் மேலிடத்தில் யாரோ ஒருவர், இந்த மாவட்டத்தில் இவ்வளவு காய்ச்சலா என்று பதறிப்போய், எங்கள் வகுப்புக்கு ஒரு பெரிய பெட்டி நிறையக் காய்ச்சல் குளிசை அனுப்பி வைத்தார். அதில் பாதியை அதிபரே விழுங்கித் தீர்த்தார். எங்களால்தான் அவருக்குத் தலையிடி என்பதால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

உண்மையாகவே காய்ச்சலால் காது போன ஒரு பிள்ளையும் என்னிடம் இருந்தாள். ஒன்பது வயது. நடை பழகிய வயதில், அகதி முகாமொன்றில் மூளைக்காய்ச்சல் வந்து, ஊசி மேல் ஊசி போட்டு உயிரைப் பிடித்து வைத்தார்களாம். அவளைப் பற்றி நான் காய்ச்சல் என்று சொன்னபோதுதான் ஒருவரும் நம்பவில்லை. "விளங்குது ரீச்சர், விளங்குது" என்று கண்ணடித்தார்கள்.

அவளுடைய வீடு கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூரையும் தாண்டி, இயக்கத்தின் கையில், அரசாங்கம் ‘கட்டுப்பாடற்ற பகுதி’ என்று சொன்ன இடத்தில் இருந்தது. பெயர்தான் அப்படி, அங்கே போகவும் வரவும் சாமான் கொண்டுபோகவும் இருந்த கட்டுப்பாடு வேறெங்கும் கிடையாது. கிழமை நாட்களில் அவள் நகரத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்தாள். என்னுடைய வீடு மூதூர் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் அவளை லோஞ்சில் குடாவைக் கடந்து கூட்டிக்கொண்டு போய், பிறகு சைக்கிளில் ஏற்றி, ஆமியின் சோதனைச் சாவடி வரை கொண்டுபோய் விடுவது என் வேலையாகிப் போனது. சாவடிக்கு அப்பால் வெறும் தெரு. நடுவில் சின்னப் பாலமளவில் ஒரு மதகு. அதற்கும் அப்பால் மற்றப் பக்கத்தின் காவல். அங்கே குடையும் கையுமாகத் தாய் நிற்பாள். தூரத்தில் தெரியும் அந்தக் குடையைத் தவிர, தாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகள் படிக்க இந்தப் பக்கம் போனால் தாய் அந்தப் பக்கம் பிணையாக நிற்க வேண்டும் என்பது மற்றப் பக்கத்தின் சட்டம். பாஸ் இல்லாமல் தாய் மதகு வரைதான் வரலாம்.

இப்படியிருக்க, வெளிநாட்டுப் புண்ணியவான் யாரோ கழித்துவிட்ட காது மிசின்கள் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தன. நெஞ்சில் கட்டும் தீப்பெட்டியளவு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர், உள்ளே விரல் பருமனில் ஒரு பென்ரோச் பற்றரி. மற்றப் பிள்ளைகளுக்கு அதில் இரைச்சல்தான் வந்தது. இவளுக்குக் கேட்டது. முழுக்க இல்லை, ஆனால் கேட்டது. ஒரு மாதத்தில் என் குரலையும் அதிபரின் குரலையும் காகத்தையும் பிரித்தறிந்தாள். அதிபர் கத்தும்போது அவள் மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள். அவருக்கு அதில் வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும்.

நெஞ்சில் பெட்டியும் வயருமாக ஒரு பிள்ளை சாவடியை நோக்கி நடந்து போனால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. துவக்குகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. கத்தினார்கள். வரிசையில் நின்ற சனம் எல்லாம் சைக்கிள்களைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்தது, நானும் படுத்தேன். அவள் மட்டும் நடுத்தெருவில் நின்று, பெரியவர்கள் ஏன் இப்படி விழுந்து படுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். படுத்தபடியே, அது காது மிசின் என்று நான் கத்தினேன்.

சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் தெற்குப் பக்கத்துச் சிங்கள மனுசன், நாற்பது வயதிருக்கும், ஓரளவு தமிழ் தெரியும். மிசினைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்து, தன்னுடைய குரலைத் தானே கேட்டு வெருண்டு, ஒரு முடிவுக்கு வந்தார். "பெட்டி போகலாம் ரீச்சர். பற்றரி போக ஏலாது." பற்றரி, குண்டு செய்ய உதவும் என்று அந்தப் பக்கம் போகத் தடை செய்த சாமான். நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் பற்றரியை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது தருவாராம்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை நகரத்தில் கேட்கிறவள், வீட்டில் கேளாதவள். வெள்ளி பின்னேரம் காதைச் சாவடியில் ஒப்படைத்துவிட்டுப் போவாள். ஞாயிறு வாங்கிக்கொண்டு வருவாள். இதிலும் ஒரு கூத்து. சில திங்கட்கிழமைகளில் மிசின் செத்துப்போய்க் கிடந்தது. பிறகுதான் விளங்கியது, கிரிக்கெட் நடக்கும் நாட்களில் எங்கள் பற்றரி சார்ஜனின் ரேடியோவுக்குள் இருந்தது.

"இது பிள்ளையின்ரை காது" என்றேன், ஆத்திரத்தில்.

"கொஞ்சம்தான் கேட்டது ரீச்சர்" என்றார்.

"ஐஞ்சு நாள் மாட்ச்சிலை எது கொஞ்சம்?"

வெற்றியா தோல்வியா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஒரு நாள் வகுப்பில் அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். மூக்கின் பக்கத்தில் விரலை வைத்தாள். மூக்குத்தி, அம்மா என்பதற்கு அவளுடைய சைகை அதுதான். பிறகு நெஞ்சுப் பெட்டியைத் தட்டி, கையை விரித்தாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும்? என்னிடமா கேட்பது? நானே அந்தக் குரலைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். கசற்றில் பதிந்து கொண்டுவரலாமா என்று பார்த்தால், பதியும் பெட்டிக்கும் பற்றரி வேண்டும். பற்றரியை அரிசிப் பைக்குள் ஒளித்துக் கொடுக்கச் சொன்னார் லோஞ்சில் ஒருவர். பிடிபட்டால் பிள்ளையின் படிப்பு அன்றோடு சரி. ஏலாது என்றுவிட்டேன்.

அடுத்த வெள்ளி சார்ஜனிடம் நேராகவே கேட்டேன். பிள்ளை தாயின் குரலைக் கேட்க வேண்டும், ஒரு தரமாவது. சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பற்றரி, சாவடியில் தெருவுக்குக் குறுக்கே அவர் போட்டிருந்த தடைக்கம்பு வரை போகலாம். தாய் மதகு வரை வரலாம். நடுவில் ஒரு ஐம்பது மீற்றர் தெரு. முதலில் தாயை மதகில் நின்று கத்தச் சொல்லிச் சைகை காட்டினோம். அவள் வாயைத் திறந்தது தெரிந்தது. மிசினில் விழுந்தது காற்றும், பிள்ளையின் சட்டை பெட்டியில் உரசிய சத்தமும் மட்டும்தான். பிள்ளை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போது சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தன் ஆட்களைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு தடைக்கம்பைக் கழற்றித் தோளில் வைத்தார்கள். கம்பைத் தாங்கி நின்ற இரண்டு தார்ப் பீப்பாய்களையும் சாய்த்தார்கள். சாய்த்து, மதகை நோக்கி உருட்டத் தொடங்கினார்கள்.

"பற்றரி கம்பைத் தாண்ட ஏலாது" என்றார் சார்ஜன் எனக்கு. "கம்பு போகலாம்."

பீப்பாய்கள் கடகடவென்று உருள, பின்னால் சார்ஜன், அவருக்குப் பின்னால் நானும் பிள்ளையும், எங்களுக்குப் பின்னால் வரிசை. கம்புக்குப் பின்னால் நிற்கும்படி சனத்துக்கு உத்தரவு; கம்பு நகர்ந்தால் சனமும் நகரத்தானே வேண்டும். சைக்கிள்கள், மாவு மூட்டைகள், கோழியோடு நின்ற ஒரு கிழவர், எல்லாமாக யுத்தத்தின் எல்லை மதகை நோக்கி ஊர்ந்தது. மற்றப் பக்கத்துக் காவலில் ஒருவன் துவக்கோடு எழுந்து நின்றான். சார்ஜன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். தன் காதைத் தொட்டார், பிள்ளையைக் காட்டினார், தாயைக் காட்டினார், வாயைக் காட்டினார். அவன் சிறிது நேரம் யோசித்து, கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். என் வகுப்பில் இவ்வளவு தெளிவாக ஒருவரும் சைகை செய்ததில்லை.

பீப்பாய்களை மதகடியில் நிமிர்த்தி, கம்பைப் போட்டு, பற்றரியைச் சார்ஜன் தன் கையாலேயே மிசினில் வைத்தார். ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிசம்.

தாயை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். மெலிந்த மனுசி, சின்ன மூக்குத்தி. கம்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எட்டு வருசப் பழக்கத்தில், கையால் கதைக்கத் தொடங்கினாள். சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வைச்சியா, எல்லாம் கையால். பிள்ளை பெட்டியைத் தூக்கித் தாயின் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். தாய் திகைத்துப் போனாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"கதையுங்கோ தங்கச்சி!" என்றது சனம். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ!" "ஒரு பாட்டாவது படியுங்கோ!" சார்ஜன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "கதை! கதை!" என்றார். கோழியும் தன் பங்குக்குக் கத்தியது. எல்லாரையும் விடப் பலமாகக் கத்தியவள் நான்தான். "மெதுவாக் கதையுங்கோ! மெதுவா!" என்று அடித்தொண்டையால் கத்தினேன். அவ்வளவு இரைச்சலும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையின் முகம் சுருங்கியது. வலித்திருக்க வேண்டும். அவளுடைய கை காதுக்குப் போய், வயரைப் பிடித்தது. இழுத்தால் எல்லாம் முடிந்துவிடும்.

தாய் எங்கள் பக்கம் நிமிர்ந்தாள். விரலை நீட்டினாள்.

"சும்மா இருங்கோ ஒருக்கா! பிள்ளைக்கு ஒண்டும் கேக்குதில்லை!"

சனம் கப்சிப். ஆமி கப்சிப். வாய் திறந்தபடியே நான் நின்றேன். கிழவர் கோழியின் சொண்டைப் பொத்தினார். பிள்ளையின் கை வயரில் அப்படியே நின்றது. அவள் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் வெட்டாமல்.

பிறகு தாய் குனிந்து, பெட்டிக்குக் கிட்ட, மெல்ல ஏதோ சொன்னாள். நிறையச் சொன்னாள். எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஐந்து நிமிசம் முடிந்து எவ்வளவோ நேரமாகியும் சார்ஜன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கடைசியில் பற்றரி பிஸ்கற் ரின்னுக்குப் போனது, பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பீப்பாய்கள் பழைய இடத்துக்கு உருண்டு வந்தன. அடுத்த மாதம் சார்ஜனை மாற்றிவிட்டார்கள். பீப்பாய்கள் அதற்குப் பிறகு நகரவில்லை.

திங்கட்கிழமை பற்றரியில் உயிர் இருந்தது. நான் வழக்கம் போலப் பெட்டிக்குள் "பந்து, பந்து" என்று ஓதிக்கொண்டிருந்தேன். மேசைகள் அதிர்ந்தன. அதிபர் வாசலில் வந்து நின்று, "சத்தம் போடாதேங்கோ!" என்று தொடங்கினார்.

அவள் எழும்பினாள். விரலை நீட்டினாள்.

"சும்மா இங்கோ ஒக்கா! பிள்ளக்கு ஒண்டும் கேக்குல்ல!"

எழுத்துகள் பாதி உடைந்திருந்தன. ராகம் உடையவில்லை, அந்த அதட்டல், கடைசியில் ஏறும் அந்தக் கோபம், அப்படியே மதகடியில் கேட்டதுதான். அதுவரை அவள் வாயில் ஒரு முழு வசனம் வந்ததில்லை. அதிபர் வாயை மூடினார். அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கண்டதில்லை.

"ஆர் ரீச்சர் இதை இவவுக்குச் சொல்லிக் குடுத்தது?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் மூக்கின் பக்கத்தில் விரலை வைத்தாள்.